பாஸ்வேர்டு சரிதான், மெயில் போகலை: 535-க்கு நடக்கும் யூட்யூப் வைத்தியம்

புழலில் ஒரு குடோன். கேட் பாஸ் மெயிலில் வந்தால்தான் துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரியை உள்ளே விடுவாங்க. ஒரு காலையில் அந்த மெயில் நின்னுபோச்சு. ஜி.என்.டி. ரோட்டோரம் லாரிகள் வரிசை கட்ட, ஹால்டிங் காசு யார் தர்றதுன்னு வாக்குவாதம். "பாஸ்வேர்டு சரிதாங்க, இதே பாஸ்வேர்டுல போன்ல மெயில் திறக்குதே" என்றார் மேனேஜர். அவர் சொன்னது உண்மை. சிக்கலும் அங்கேதான்.

கோடைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒரு வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதியிருக்காங்க. இந்த வீடியோ வைத்தியத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதல் மருந்து: "கூகுள் செட்டிங்ஸில் லெஸ் செக்யூர் ஆப்ஸை ஆன் பண்ணுங்க." தனிநபர் கணக்குகளுக்கு அந்த வசதி 2022 மே 30-லேயே முடிஞ்சுபோச்சு. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும், இல்லையென்றால் ஓஆத். கணக்கின் முக்கிய பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகிவிடும் என்பதை இந்த வீடியோக்கள் சொல்வதே இல்லை. "நேத்து வரைக்கும் போச்சே" என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது மருந்து இன்னும் மோசம்: பிஎச்பிமெயிலரில் 'வெரிஃபை பியர்' என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்வது. எதிரில் இருப்பது உண்மையான மெயில் சர்வர்தானா என்ற சோதனையையே இது நிறுத்திவிடுகிறது. நடுவில் ஒருவன் சர்வர் வேஷம் போட்டு உட்கார்ந்தால் பாஸ்வேர்டை அவன் கையிலேயே கொடுத்துடுவோம். இதில் 535 தீரவும் தீராது. அது சான்றிதழ் பிழையே இல்லையே.

மூன்றாவது: "587 வேலை செய்யலன்னா 465 போட்டுப் பாருங்க." 465-ல் இணைப்பு தொடங்கும்போதே டிஎல்எஸ், 587-ல் முதலில் சாதாரணமாகப் பேசி, பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ். எண்ணை மட்டும் மாற்றி முறையை மாற்றாவிட்டால் புதுப் பிழைதான் வரும்.

சர்வர் பக்கமும் நியாயம் உண்டு. 1982-ல் வந்த எஸ்எம்டிபியில் 'நீ யார்' என்ற கேள்வியே கிடையாது. அதற்கான ஆத் நீட்டிப்பு 1999-ல்தான் வந்தது. தப்பு பெயரிலா பாஸ்வேர்டிலா என்று சர்வர் பிரித்துச் சொல்லாது. சொன்னால் திருடனுக்கு உதவி. ஆனால் எண்ணில் குறிப்பு இருக்கிறது. 530 என்றால் உள்நுழையாமலே அனுப்பப் பார்க்கிறோம். 535 என்றால் கொடுத்த விவரம் ஏற்கப்படவில்லை. 534 5.7.9 என்று ஜிமெயில் சொன்னால் ஆப் பாஸ்வேர்டு கேட்கிறது. 454 தற்காலிகம், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். 550 5.7.26 என்றால் பாஸ்வேர்டுக்குச் சம்பந்தமே இல்லை. டொமைனின் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் பார்க்கணும்.

இந்த வீடியோக்கள் மேல் என் குற்றச்சாட்டு இதுதான்: பழைய தகவல் தருவதைக்கூட மன்னிக்கலாம், எண்ணைப் படிக்கக் கற்றுத்தராததை மன்னிக்க முடியலை. டீபக்கை ஆன் பண்ணி, சர்வர் என்ன சொன்னது என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அந்த லாகை அப்படியே எங்கேயும் ஒட்டிடாதீங்க. அதில் பேஸ்64-ல் பாஸ்வேர்டு இருக்கலாம். அது பூட்டு இல்லை, வெறும் உறை. யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

குடோனில் நடந்தது என்ன? முந்தின நாள் யாரோ கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருக்காங்க. புது ஆப் பாஸ்வேர்டு எடுத்து டாட்-என்வ் ஃபைலில் போட்டோம், அப்பவும் 535. லாராவெல் பழைய கான்ஃபிகை கேஷில் வைத்திருந்தது. அதை அழித்ததும் மெயில் போச்சு. ஃபால்ஸ் வரியையும் எடுத்தேன். அந்த வரி எத்தனை மாசமாக அங்கே இருந்ததுன்னு யாருக்கும் தெரியலை.