கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க!

ஆங்கில வினைச்சொற்களில் எனக்கு உயிர் 'அட்ஜஸ்ட்'தான். சிட்லபாக்கத்துக்காரன் வேறு எதைச் சொல்வான்! காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் பீச் வண்டியைப் பிடித்தால், முந்தின ஸ்டேஷனான தாம்பரத்திலேயே சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டின் ஓரமாகப் போய் நின்று, "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றால் போதும். செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே மூவரும் நகர்வார்கள். நாலாவது ஆளுக்கு அரை சீட் முளைத்துவிடும். "தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள், குரோம்பேட்டை வருவதற்குள் சண்டை வந்துவிடும்! 1931-லிருந்து மின்சார வண்டி ஓடும் இந்தத் தடத்தில் இதைவிடப் பெரிய மந்திரம் கிடையாது.

இதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டபோது துள்ளிக் குதிக்காத குறைதான். லத்தீனில் 'யுக்ஸ்டா' என்றால் பக்கத்தில். அதற்கு முன்னால் 'ஆட்' சேர்ந்தால் பக்கத்தில் கொண்டுவருவது, நெருங்கச் செய்வது. அதுதானய்யா ஆதிப்பொருள்! பிரெஞ்சுக்குப் போன பிறகு, நியாயம் என்ற பொருளுள்ள 'யுஸ்டுஸ்' இதற்குத் தாய் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள். 'சரிசெய்' என்ற பொருள் வலுத்தது அப்படித்தான். லண்டன்காரர் கடிகார முள்ளையும் கழுத்து டையையும் அட்ஜஸ்ட் செய்துகொண்டிருக்க, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து லத்தீன் பொருளைக் காப்பாற்றி வருவது நம் தாம்பரம் லோக்கல்! அவர்கள் 'அஜஸ்ட்' என்று விழுங்கிவிடுகிற 'ட்'டைக்கூட நாம் அழுத்தித்தான் சொல்கிறோம்.

நாம் பின்னால் ஒட்டவைத்த வால் அதைவிட அழகு. 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்பது மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டிச் சொல்வது. 'கொள்' என்கிற துணைவினை உள்ளே புகுந்து 'பண்ணிக்கங்க' ஆனதும், முடுக்க வேண்டியது பிரேக்கை இல்லை, உங்களையே! சில்லறை இல்லாத மளிகைக்கடைக்காரர், தண்ணீர் லாரி வராத அன்றைக்கு வீட்டுக்காரர், மண்டபத்தில் கடைசிப் பந்திக்காரர் என்று எல்லாரும் இந்த வாலைப் பிடித்துத்தான் கரையேறுகிறார்கள்.

புகுந்த வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணிடம் "அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போம்மா" என்கிறார்களே, அங்கே மட்டும் இந்தச் சொல்லை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மற்றபடி அட்வைஸ் பண்ணு, கன்ஃபர்ம் பண்ணு, ட்ரை பண்ணு என்று நாம் பிடித்துவந்த ஆங்கில வினைகளில் ஒன்றுகூட இதன் கால்தூசு பெறாது.