ஷார்ஜாவின் பட்டங்களும் சஜாவின் வாசகரும்

2019-ஆம் ஆண்டில் ஷார்ஜா நகரம் ‘உலகப் புத்தகத் தலைநகர்’ என்னும் பட்டத்தை யுனெஸ்கோ நிறுவனத்திடமிருந்து பெற்றது. ‘ஓதுவீராக, நீர் ஷார்ஜாவில் இருக்கின்றீர்’ என்னும் பொருள்பட அவ்வாண்டுக்குரிய முழக்கத்தை அந்நகரத்தார் அமைத்துக்கொண்டனர். ஹிரா குகையில் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதற்சொல் ‘இக்ரஃ’ என்பதாதலின், அம்முழக்கம் முஸ்லிம் உள்ளங்களில் எழுப்பும் உணர்வை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், திருமறையின் முதற்சொல்லைத் தன் விளம்பரப் பலகையில் ஏற்றும் நகரம், அச்சொல்லுக்குரிய பொறுப்பையும் உடன் ஏற்கின்றது. அப்பொறுப்பு எவ்வளவிற்கு நிறைவேறியது என்று வினவ நமக்கு உரிமையுண்டு. அந்நகரில் உழைத்த ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை இருக்கும்?

முதலில் பாராட்டிவிடுவோம். பட்டம் கிடைத்த பின்னர் அவசரமாகப் பண்பாட்டைத் தேடிய நகரமன்று ஷார்ஜா. 1925-இல் ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் ஸக்ர் அல் காஸிமி அவர்கள் தம் கோட்டையில் சேர்த்துவைத்த நூல்களே அந்நகரப் பொது நூலகத்தின் வித்து. 1972-இல் ஆட்சிப்பொறுப்பேற்ற டாக்டர் ஷேக் சுல்தான் பின் முஹம்மது அல் காஸிமி அவர்கள் தாமே வரலாற்று நூல்களும் நாடகங்களும் எழுதியவர். 1982-இல் அவர்கள் தொடங்கிவைத்த புத்தகக் கண்காட்சி உலகின் பெரிய கண்காட்சிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. 1998-இல் அரபுப் பண்பாட்டுத் தலைநகர், 2014-இல் இஸ்லாமியப் பண்பாட்டுத் தலைநகர் என வந்த பட்டங்கள் எல்லாம் இவ்வுழைப்பின் பின்னே வந்தவை.

எஞ்சி நிற்பவையும் சிலவல்ல. 1987-இல் கட்டப்பெற்ற ஒரு கடைவீதி 2008-இல் இஸ்லாமிய நாகரிக அருங்காட்சியகமாக மாறியது. அப்பாசியரின் பக்தாதை நினைவூட்டும் ‘பைத்துல் ஹிக்மா’ என்னும் பெயரில் 2020-இல் ஒரு நூலகம் திறக்கப்பெற்றது. இவற்றினும் நம் மனத்தைக் கவர்வது ஒன்றுண்டு. கண்காட்சிக்கு வந்த பதிப்பாளர்களிடமிருந்து நூல்களை வாங்கி அரசு நூலகங்களில் சேர்ப்பதற்கென ஆட்சியாளர் அண்மை ஆண்டுகளில் 45 லட்சம் திர்ஹம் ஒதுக்கி வருகின்றார்கள். பந்தல் பிரிக்கப்பெற்ற பின்னும் நூல் ஊரிலேயே தங்குவதற்கு இதனினும் நேரிய வழியை நாம் அறியோம். நம் நாட்டு விழாக்களில் எஞ்சுவன மலரும் பொன்னாடையும் நிழற்படமும்!

இனி, யாருக்காக என்னும் வினாவுக்கு வருவோம். இவ்வினா ஷார்ஜாவுக்கு மட்டும் உரியதன்று. கப்பல் கட்டும் தொழில் நலிந்து பெயர் கெட்டிருந்த கிளாஸ்கோ நகரம், 1990-இல் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக விளங்கியது. புதிய இசையரங்கு எழுந்தது, பயணிகள் வந்தனர், பெயரும் மாறியது. ஆயினும், அந்நகரை உழைத்து உருவாக்கிய மக்களின் வரலாறு இவ்வொப்பனைக்குள் மறைக்கப்படுகின்றது என்று ‘தொழிலாளர் நகரம்’ என்னும் பெயரில் ஒன்றுகூடிய எழுத்தாளர்கள் எதிர்ப்புக்குரல் எழுப்பினர். அவர்கள் அந்நகரத்தின் குடிமக்கள். ஆதலின் உரத்துப் பேச முடிந்தது.

ஷார்ஜாவில் கேட்க வேண்டியவர்கள் குடிமக்கள் அல்லர். அமீரகத்தில் வாழ்வோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டவர். பெருந்தொகையினரான இம்மக்களையும் ஈடுபடுத்தும் திட்டங்கள் ஷார்ஜாவின் விண்ணப்பத்தில் இருந்தமையை அதனைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களுள் ஒன்றாகத் தேர்வுக்குழுவினரே எடுத்துரைத்தனர். ஆகவே, இவர்கள் பெயராலும் பெற்ற பட்டம் அது. அதற்கு முன்னர் 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி வீடுதோறும் 50 நூல்கள் கொண்ட சிறு நூலகம் அளிக்கப்பட்டது; அருமையான எண்ணம்தான். ஆயின், அவ்வீடுகள் அமீரகக் குடிமக்களின் வீடுகள். சஜா தொழிற்பகுதியின் தங்குமிடத்தில், ஓர் அறையில் பலரோடு கட்டிலடுக்கில் உறங்கும் சகோதரனுக்கு ‘வீடு’ என்பது யாது?

கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கதவு எல்லாருக்கும் திறந்தே உள்ளது. இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் 2022 முதல் ஷார்ஜா அரசு ஊழியருக்கு வாரத்தில் மூன்று நாள் விடுமுறை. தனியார் நிறுவனத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதிசெய்வது ஒரே நாள். அந்த ஒரு நாளில்தான் துணி துவைப்பதும், ஜும்ஆவுக்குச் செல்வதும், ஊரில் உள்ள பிள்ளைகளோடு பேசுவதும். ஏறக்குறைய பன்னிரண்டு நாள் நடைபெறும் கண்காட்சியில் அவனுக்கு வாய்ப்பன ஒன்றோ இரண்டோ நாள்கள். நூலே அவன் இருக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும். அதுவும் அவன் படிக்கும் மொழியில். தமிழ், மலையாளம், உருது, வங்கம் என நான்கு மொழிகளில் ஓர் அலமாரி வைக்க எத்தனைப் பணம் ஆகிவிடும்?

குறை முழுவதையும் அந்நகரத்தார் தலையில் ஏற்றுவதும் முறையன்று. அக்கண்காட்சியில் மலையாளப் பதிப்பகங்களின் அரங்குகளில் கூடும் கூட்டத்தையும் ஆண்டுதோறும் அங்கு வெளியிடப்பெறும் மலையாள நூல்களின் பெருக்கத்தையும் கண்டோர் அறிவர். தமிழ் அரங்குகள் அவ்வளவிற்கு வளரவில்லை. அமீரகத்தில் செல்வமும் செல்வாக்கும் உடைய தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இல்லாமலில்லை. ஊரிலிருந்து அறிஞர்களை அழைத்து விருந்தளித்து அனுப்பும் அன்பர்கள், அடுத்த கண்காட்சிக்கு முன்னர் நம் பதிப்பாளர்களோடு கூடி, நூலகங்களுக்கென ஒதுக்கப்பெறும் தொகையில் தமிழ் நூல்களுக்கும் இடம் கோரி ஒரு விண்ணப்பம் எழுதலாம். சஜாவில் வைக்க வேண்டிய முதல் அலமாரிக்கு அந்த விண்ணப்பத்தின் முடிவையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை.