குற்றம் குறியுடையதா, நொதியுடையதா?

நுரையீரல் புற்றுநோயில் ஆர்.என்.ஏ.வின் வேதி மாற்றங்களுக்குப் பங்கு உண்டு என்பதில் இனி வழக்கில்லை. என்ன பங்கு என்பதில்தான் வழக்கு. தூது ஆர்.என்.ஏ.வின் அடினோசின் மீது ஏறும் மெத்தில் குறியான எம்6ஏ 1974இலேயே கண்டறியப்பட்டது. மவுசு வந்தது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில். அந்தக் குறியை இடும் நொதி மெட்டில்3, நுரையீரல் அடினோகார்சினோமாவில் மிகுந்திருக்கிறது. நொதி கூடினால் குறி கூடும், குறி கூடினால் கட்டி வளரும் என்று பல கட்டுரைகள் கணக்கை முடித்துவிடுகின்றன.

இந்தக் கணக்கைக் கலைத்தது பாஸ்டனில் ரிச்சர்டு கிரெகரியின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு. மெட்டில்3ஐக் குறைத்ததும் புற்றுச் செல்களின் வளர்ச்சியும் ஊடுருவலும் தளர்ந்தன, கட்டி வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். புரதமும் சரிந்தது. அதோடு நின்றிருந்தால் நூற்றோடு நூற்றொன்று. அவர்கள் குறியே இட முடியாதபடி முடக்கிய மெட்டில்3ஐ ஒரு சோதனை ஆர்.என்.ஏ.வோடு பிணைத்தும் பார்த்தார்கள். அப்போதும் புரத உற்பத்தி கூடியது! செயற்கைப் பிணைப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெத்தில் குறியின் தலையில் கட்டிய குற்றத்தில் ஒரு பங்கு நொதியின் உடலுக்கே உரியது என்று அது காட்டிவிட்டது.

குறியை வாசிக்கும் புரதங்களின் கதை இன்னும் சிக்கல். 2019இல் வந்த ஓர் ஆய்வில், ஒய்.டி.எச்.டி.எஃப்.1 புரதத்தை நீக்கியபோது நுரையீரல் புற்றுச் செல்களின் பெருக்கம் குறைந்தது. அதே செல்கள் சிஸ்பிளாட்டின் மருந்துக்கு அசையாமல் நின்றன. இந்தப் புரதம் மிகுந்த நோயாளிகளின் நிலையே மேலாக இருந்தது. இதை நண்பன் என்பதா, எதிரி என்பதா? குறியை அழிக்கும் ஏ.எல்.கே.பி.எச்.5 பற்றியும் இருதரப்புச் சாட்சியங்கள் உண்டு. பொதுத் தரவுத்தளத்திலிருந்து பத்து மரபணுக்களைப் பொறுக்கி நோயாளியின் ஆயுளைக் கணிக்கும் கட்டுரைகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவை பெரும்பாலும் அளப்பது நொதிகளுக்கான மரபணு வெளிப்பாட்டை; குறியை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: நுரையீரல் புற்றில் மெட்டில்3 குற்றவாளி என்பது ஓரளவு நிறுவப்பட்டது, எம்6ஏ குற்றவாளி என்பது நிறுவப்படவில்லை. இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2022இல் மனிதச் சோதனைக்கு வந்த எஸ்.டி.சி.-15 மருந்து மெட்டில்3இன் குறியிடும் திறனைத்தான் முடக்குகிறது, நொதியின் உடலை அல்ல. அதன்பின் ஒரு கட்டி சுருங்கினாலும் இ.ஜி.எஃப்.ஆர். கதை மெய்யாகிவிடாது. இந்த முடக்கம் செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பெருக்கி, நோய் எதிர்ப்பைக் கிளப்பும் இன்டர்ஃபெரானைத் தூண்டுகிறது. கட்டியைச் சுருக்கியது அந்த நோய் எதிர்ப்பாகவும் இருக்கலாம்.