அடிவானத்தில் ஒரு தையல்

கடலைப் படம்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் குஸ்தாவ் லெ கிறேயின் 'பேரலை, செத்' என்ற படத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். 1857இல் பிரான்ஸின் மத்தியதரைக் கடற்கரையில் எடுக்கப்பட்டது. அக்காலக் கண்ணாடித் தட்டில் கடல் சரியாகப் பதிந்தால் வானம் வெளிறிப்போகும். அவரோ வானுக்கொன்றும் கடலுக்கொன்றுமாக இரு தட்டுகள் எடுத்து அடிவானத்தில் இணைத்தார். மேகம் வேறொரு வேளைக்குரியது. ஆயினும் அதைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடையும் அலை அங்கே அலையாகவே நிற்கிறது.

இன்று கறுப்பு பில்டர் பொருத்தி, கமெராவை அரை நிமிடம் திறந்து வைத்தால் அலைகள் பனிமூட்டமாகிவிடும். சுபஹுக்குப் பின் ட்ரைபொட்டோடு கரையில் நின்று, வில்லையில் படியும் உப்புநீரைத் துடைத்துத் துடைத்து நானும் அப்படி எடுத்து மகிழ்ந்தவன்தான். அந்தப் படமொன்றைக் கரைவலைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "சேர், இதில கடல் எங்க?" என்று கேட்டார்.

2004 டிசம்பர் 26இல் கடல் என்ன செய்ததென்று நேரில் கண்டவர் அவர். லெ கிறேயின் தந்திரம் கடலைக் காட்ட உதவியது. எங்களுடைய தந்திரம் அதை மறைக்கிறது. படம் அழகுதான். ஆனால் அலையோடு வாழும் ஊரிலிருந்து எடுக்கும் படத்தில் அலை இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.