எந்திரம் மாறலாம், முகவரி மாறக்கூடாது

சொந்தமா வலைப்பூ தொடங்க எது நல்லதுன்னு கேட்டா, இப்போ உடனே வர்ற பதில் "ஸ்டாட்டிக் சைட் போடுங்க" என்பதுதான். மார்க்டவுனில் எழுதி, ஜெக்கிலோ ஹியூகோவோ வைத்து எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி ஏற்றிவிட்டால் போதும். இது பாதி சரியான அறிவுரை.

சரியான பாதி எது? வேர்ட்பிரஸ் பக்கத்தை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, பிஎச்பி வழியாகக் கோத்துத் தருகிறது. மாதம் நாலு கட்டுரை எழுதுபவருக்கு இது கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. பிளக்இன்களைப் புதுப்பிக்காமல் விட்டால் பாதுகாப்பும் போச்சு. ஸ்டாட்டிக் தளத்தில் சமைத்துவைத்த கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் சர்வரின் வேலை.

ஆனா சமைக்கும் கருவிக்கும் வயசாகும். ஜெக்கில் வந்தது 2008இல். இடையில் ரூபி பதிப்பு மாறி, பழைய தளத்தின் ஜெம்கள் ஒத்துவராமல் போனால், பக்கங்கள் அப்படியே இருக்கும்; புதுசா ஒன்றைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்த வாதங்களில் யாரும் பெரிதாகப் பேசாத விஷயம் முகவரி. நல்ல முகவரி மாறாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். தமிழில் எழுதுபவருக்கு இது கூடுதல் தலைவலி. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். 'கி' என்பதே ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆக பதினெட்டு. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. அதனால் நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். பிளாகரோ தமிழை விட்டுவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று தானாக ஒரு பெயர் வைத்துவிடும். எந்தக் கட்டுரை என்று யாருக்குத் தெரியும்?

அதனால் என் கணக்கு இது. சொந்த டொமைன், கையால் வைத்த சின்ன ஆங்கில எழுத்து முகவரி, யூனிகோடில் கட்டுரையின் பிரதி நம்மிடம். இந்த மூன்றும் இருந்தால் பிளாகரே போதும். அதிலும் டொமைனை இணைக்கலாம், வெளியிடும் முன் முகவரியை மாற்றலாம், மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். இவை இல்லாமல், யாரோ கொடுத்த இலவச துணை முகவரியில் ஓடும் அதிவேக ஹியூகோ தளமும் வாடகை வீடுதான். 2009இல் ஜியோசிட்டீஸை யாகூ மூடியபோது அங்கிருந்த பக்கங்கள் எல்லாம் தூய எச்டிஎம்எல்தான். ஆனாலும் முகவரிகள் செத்துப்போயின.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு இதை விட்டு வெளியேறினால், இன்று ஒருவர் சேமித்துவைத்த சுட்டி திறக்குமா?