லாயம் இல்லாத சரித்திரம்

நம் சிறுவர் சரித்திரக் கதைகளில் குதிரைக்குப் பசிப்பதில்லை. அது பறக்கிறது, அகழியைத் தாண்டுகிறது, எஜமானுக்காக உயிரை விடுகிறது. கொள்ளு தின்பதில்லை, லத்தி போடுவதில்லை. அதைத் தேய்த்துக் குளிப்பாட்டும் குதிரைக்காரன் கதையில் இல்லவே இல்லை.

செஞ்சி தேசிங்கு கதையைப் பார்ப்போம். 1714ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி, இளம் வயதில் மாண்ட தேஜ்சிங்தான் தேசிங்கு. பாமரர் பாட்டு அவனை டில்லிக்கு அனுப்பி, யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்க வைத்தது. தந்தையைச் சிறைமீட்கும் பையனின் கதை என்ற அளவில் அதில் உயிர் இருக்கிறது. இதைச் சிறுவர்க்குத் திருப்பிச் சொல்கிறவர்களோ, குதிரை அடங்கியதும் அதை மறந்துவிடுகிறார்கள். அடங்காதிருந்தவரை அதற்கொரு சுபாவம் இருந்தது. பிறகு வெறும் வாகனம்.

கல்கி பரவாயில்லை. வந்தியத்தேவனின் குதிரை முதல் அத்தியாயத்திலேயே களைத்திருக்கிறது. பின்னால் ஓரிடத்தில் லாடத்துக்காகக் கொல்லன் பட்டறைக்கும் போகிறது. ஆனால் அங்கேயும் கதையின் கண் குளம்பை விட்டு, உலையில் உருவாகும் வாளின் பக்கம் போய்விடுகிறது. ரகசியம் வாளில்தான் இருக்கும் என்பது நம் சரித்திர நாவலின் அசைக்க முடியாத நம்பிக்கை.

சரித்திரம் வேறு மாதிரி இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலில் குதிரைகள் இறங்கியதைச் சொல்கிறார். ஒரு அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவானாம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அவர்களை வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! இதைவிடப் பெரிய கதை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

மார்கரீட் ஹென்றி 1948ல் எழுதிய சிறுவர் நாவல் அராபியக் குதிரை ஒன்றைப் பற்றியது. அதைக் கடல்கடந்து பின்தொடர்பவன் அரசனல்ல, வாய் பேசாத லாயக்காரப் பையன். அவனுக்கு எது எப்போது பசிக்கும் என்று தெரியும். அதனால் நமக்கும் தெரிகிறது.

இதை வெறும் தகவல் பிசகாக நான் நினைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் வங்கி குமாஸ்தாவான நான் கடன் மனுக்களோடு கல்வராயன் மலைக்குப் போவதுண்டு. அங்கே 1976 வரை ஜாகீர்தார்கள். அவர்களுக்கு வரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சேணத்தின் மேலிருந்து தெரியும் சரித்திரத்தையே நாம் கொடுத்துக்கொண்டிருந்தால், சரித்திரம் என்பது ஏறி உட்கார்ந்தவனுக்கு மட்டும் நேர்வது என்றுதான் அவர்கள் கற்பார்கள். வழிபாடு செய்யவும் நமக்கு மண்குதிரை இருக்கிறது, அய்யனாருக்கு. இலக்கியத்தில் இன்னொன்று வேண்டாம்.

காயல் துறைமுகத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும் ஒரு குதிரைக்கு வாளியில் தண்ணீர் காட்டுகிறவனிடமிருந்து யாராவது தொடங்கட்டும். அரசன் இரண்டாம் அத்தியாயத்தில் வந்தால் போதும்.