உருவமும் சொல்லும்

கொங்கோவின் லேகா மக்களிடம் 'புவாமி' என்றொரு சங்கம் உண்டு. அதில் படிப்படியாய் உயர்பவர்களுக்கு மூத்தோர் மரத்தாலும் யானைத் தந்தத்தாலும் செய்த சிற்றுருவங்களைக் காட்டிப் பழமொழி சொல்லிக் கொடுப்பார்கள். பலமுக உருவம் எப்பக்கமும் பார்த்து நியாயம் சொல்லும் பெரியவரைக் குறிக்கும்.

1948இல் பெல்ஜிய ஆட்சி சங்கத்தைத் தடைசெய்தது. உருவங்கள் பலவும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் போயின. மானிடவியலாளர் டானியல் பீபாய்க் 1973இல் வெளியிட்ட நூலின் பெறுமதி, உருவத்தோடு அதற்குரிய சொல்லையும் பதிந்ததே. சொல் போனால் மிஞ்சுவது வெறும் மரம்தானே!

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமக்கு இது தூரத்துக் கதையல்ல. சாமானெல்லாம் போச்சு, பழைய சோனகதெரு இப்ப பெரியாக்கள்ட வாயிலதான் இருக்குது. ஸலாம் சொல்லி எழுந்து நிற்கிறோம், நல்லது. பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வைப்பதும் மரியாதைதான்.